கடைசி வரிக்கு முன்னால

மெயில் கதைன்னதும் நீங்க லேசா நிமிந்து உக்காந்தத நான் பாத்துட்டேன். என்ன எதிர்பாக்கியன்னும் தெரியும். எவனோ ஒருத்தன் பொண்டாட்டிக்கு எழுத வேண்டியத இன்னொருத்திக்கு எழுதி மாட்டிக்கிட்டான், அதான? இல்லன்னா எங்கயோ ஒரு ராசா வாரிசில்லாமச் செத்துப்போயி, சொத்து மொத்தத்தையும் இவன் பேருக்கு எழுதி வச்சிட்டாரு. அதுவும் இல்லையா, அப்பம் ஹேக்கர். இருட்டு ரூம்ல குல்லா போட்டுக்கிட்டு டகடகடகன்னு தட்டுவான், ஸ்க்ரீன்ல பச்சை பச்சையா எழுத்து ஓடும். ஏமாந்திய. அப்பிடி ஒருத்தனும் இதுல வரமாட்டான். பட்டப்பகல். சாப்பாட்டு நேரம். தூத்துக்குடியில துறைமுகத்துக்குப் போற ரோட்டுல, கப்பல்ல ஏத்துற சரக்குக்குக் காகிதம் தயார் பண்ணிக் குடுக்கிற ஒரு ஆபீஸ். மாடியில ஒருத்தன் நாற்காலியில உக்காந்திருக்கான். அவன் முன்னால கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நிக்குது. அவ்வளவுதான் கதை. எந்திரிச்சுப் போறவங்க இப்பமே போயிரலாம். ஒருத்தரும் போகலையா? சரி. இடையில எங்கயாவது சிரிப்பு வந்தா சிரிச்சுக்கிடுங்க. அவனும் அப்பிடித்தான் நெனைச்சான், சிரிப்பாங்கன்னு.

பெர்க்மான்ஸோட சுண்டுவிரல் இன்னும் கீபோர்டு மேலதான் இருக்கு. எடுக்கல. எடுத்துட்டா நடந்தது நடந்ததாவே ஆயிரும்னு ஒரு எண்ணம். கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து இன்டர்காம் கிர்ருன்னுச்சு, ஓனர் சற்குணம் சார், "குடை மெயில் போயிருச்சா?"ன்னாரு, ஒரு நாளைக்கு அவரு பேசுதது மொத்தமே அந்த அளவுதான், இவன் "போயிட்டே இருக்கு சார்"னு சொல்லிக்கிட்டே, கண்ணக் கண்ணாடி ரூம் பக்கம் வச்சுக்கிட்டே, கை பாட்டுக்கு மெயில் அனுப்புற கன்ட்ரோலையும் என்டரையும் சேத்து அமுக்கிருச்சு. அமுக்கின பொறவுதான் திரும்பினான். ஒரு விண்டோ சுருங்கி மறையுதது மட்டும் கண்ணுல பட்டுது, ஓட்டு இடுக்குல பல்லி வால் உள்ள போகுமே, அந்த மாதிரி. வால் போயிருச்சு. எந்தப் பல்லி? மூணு விண்டோ தொறந்து கெடந்துச்சு, ஒண்ணு மேல ஒண்ணு. ஒண்ணு கப்பல் கம்பெனிக்காரனுக்குப் பதில், கன்டெய்னர் நம்பர்ல ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னு. இன்னொண்ணு சார் சொன்ன குடை மெயில், எல்லா ஊழியருக்கும். மூணாவது கனிக்கு, இதே ஆபீஸ்ல வேலை பாக்குறவ. கனிக்கு எழுதினது. கனிக்கு அனுப்புறதுக்கு இல்ல, காட்டுறதுக்கு. அனுப்புறதுக்கும் காட்டுறதுக்கும் நடுவுல ஏழு கடல் இருக்குன்னு இவன் இத்தன வருசமா நெனைச்சுக்கிட்டு இருந்தான். ரெண்டு விரல்தான் இருந்துருக்கு. மறைஞ்சது எதுன்னு பாக்க மவுஸ நகட்டுதான், ஸ்க்ரீன் மொத்தமும் ஈர வேட்டியப் போத்துன மாதிரி வெளுத்துப் போச்சு. மேல பட்டையில நாட் ரெஸ்பாண்டிங். நடுவுல அந்த நீல வட்டம். சுத்துது. சுத்துது. அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, அது யாரையும் வேலைய விட்டு நிப்பாட்டிரல.

குடை மெயிலாத்தான் இருக்கும். அதத்தான கடைசியாத் தொட்டான். தொட்டானா? குடை மெயில முடிச்சான், "புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன்"னு போட்டான், அது சார் மெயில் எல்லாத்துலயும் கடைசியா வரும், சார் வாயில ஒரு நாளும் வராது. முடிச்சிட்டு அனுப்புறதுக்கு முன்னாலதான் கனியோட சிரிப்பு கீழ படியில இருந்து வந்துச்சு, டிபன் கேரியரோட எறங்கிப் போகும்போது எவளோ என்னமோ சொல்லிருக்கா, இவ சிரிச்சா, அது சிரிப்பா, வெண்கலப் பானைய மாடியில இருந்து உருட்டி விட்ட மாதிரி, அதக் கேட்டதும் பெர்க்மான்ஸுக்குக் கை ஊறிருச்சு. சாப்பிட்டுட்டு வரட்டும், வந்ததும் கூப்பிட்டு இதக் காட்டலாம்னு அந்த மூணாவது விண்டோவத் தொறந்தான். அப்பம் கடைசியாத் தொட்டது மூணாவது. அதுக்குப் பொறவு கப்பல் கம்பெனிக்காரன் இன்னொரு தடவ மெயில் போட்டான், எங்க பதிலுன்னு, அப்பம் கப்பல் விண்டோவ முன்னால கொண்டுவந்தான். கொண்டுவந்தானா, இல்ல கொண்டுவரணும்னு நெனைச்சானா? கொண்டுவந்தான். கன்டெய்னர் நம்பர ஒரு தடவ வாசிச்சது ஞாபகம் இருக்கு. அது இன்னைக்கு வாசிச்சதா நேத்து வாசிச்சதா? ராத்திரி கேஸ மூடினமான்னு படுத்துக்கிட்டு யோசிக்கும்போது, தினம் மூடின கை எல்லாம் சேந்து ஒரே கையா வந்து மூடும்லா, அதுல இன்னைக்குக் கை எதுன்னு யாரால சொல்ல முடியும்? வட்டம் சுத்துது.

இதெல்லாம் ஆரம்பிச்சதே சார் பேச மாட்டாருங்கிறதுலதான். சற்குணம் சார் ஒருத்தரையும் நேர நின்னு திட்டுனது கிடையாது. அதட்டுனது கிடையாது. கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து பாப்பாரு, பொறவு எல்லார் போன்லயும் டிங்குன்னு ஒரு சத்தம் வரும், நிர்வாகம்னு பேரு போட்டு மெயில். அந்த டிங்குக்குத்தான் ஆபீஸே நடுங்கும். செந்தமிழ்ல வரும், சுத்தமா, மழிச்ச மூஞ்சி மாதிரி. அத எழுதுதது பெர்க்மான்ஸுன்னு அந்த ஆபீஸ்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும், ஒண்ணு சார், இன்னொண்ணு பெர்க்மான்ஸ், அப்பிடித்தான் பெர்க்மான்ஸ் நெனைச்சுக்கிட்டு இருந்தான். சாருக்குத் தமிழ் டைப்பிங் வராது, பொறுமையும் கிடையாது. இன்டர்காம்ல மூணு வார்த்தை சொல்லுவாரு. "குடை. நடையில. வேண்டாம்." இவன் அதக் கேட்டு, "நடைபாதையில் ஈரக் குடைகளை விரித்து வைப்பது அலுவலக ஒழுங்கிற்கு உகந்ததல்ல"ன்னு எழுதுவான். அதுக்குன்னே இவன் கம்ப்யூட்டர்ல மட்டும் மெயில் சாஃப்ட்வேர்ல எடது பக்கம் ரெண்டு மரம். மேல இவன் பேருல ஒரு மரம், இன்பாக்ஸ், டிராஃப்ட், அவுட்பாக்ஸ், சென்ட். கீழ நிர்வாகம்னு இன்னொரு மரம், அதுக்கும் அதே மாதிரி. யாராவது பக்கத்துல வந்தா கீழ உள்ள மரத்தச் சின்ன அம்புக்குறிய அமுக்கி மடக்கிருவான், சேலை விலகுனா சரி பண்ணுத மாதிரி, பாக்காமலே கை போகும். கீழ மரத்துல, உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள போனா, டேமேஜ் கிளெய்ம்னு ஒரு ஃபோல்டர். அந்தப் பேரப் பாத்தா எவனும் தொறக்க மாட்டான். அதுக்குள்ளதான் இவன் சும்மா எழுதின சார் மெயிலெல்லாம் கெடக்கு. சார் குரல்ல பல்லிக்கு எழுதுன மெயில். சார் குரல்ல கரண்டு ஆபீஸுக்கு. சார் குரல்ல கடலுக்கு, "அலைகளின் இரைச்சல் குறித்து பலமுறை எச்சரித்தும்". ஒவ்வொண்ணா எழுதி, கனியக் கூப்பிட்டு, "ஏட்டி, நிர்வாகத்துகிட்ட இருந்து தப்பா எனக்கு வந்துருக்கு, பாரு"ன்னு காட்டுவான். அனுப்புநர், பெறுநர் எல்லாம் சரியா இருக்கணும், அப்பத்தான் நம்பி வாசிப்பா. வாசிச்சு, கடைசி வரி வந்ததும் உருட்டுவா பாருங்க பானைய.

ஆளுகள மாதிரி நடிச்சுக் காட்டுறது மாதாகோயில் திருவிழாவுல ஆரம்பிச்ச பழக்கம். மீன் ஏலம் போடுற ஆளு மாதிரிப் பண்ணுவான், பங்குச்சாமி பிரசங்கத்துல இருமுற மாதிரி, கப்பல் ஹாரன், டிராவல்ஸ் பஸ்ஸுல ஏத்துற பையன் "மதுரை மதுரை மதுரை"ன்னு தொண்டையில இருந்து கத்துவானே, அது. ஆனா ஆபீஸ்ல கேக்கிறது சாரத்தான். டீ குடிக்கிற நேரம் எல்லாரும் சுத்தி நிப்பாங்க, "அண்ணே, சார் கார்ல இருந்து எறங்குறதப் பண்ணுங்க", கஸ்டம்ஸுக்குக் காகிதம் கொண்டுபோற எடிசன்தான் முதல்ல கேப்பான், அவன் வாயில எதுவும் நிக்காது, இவன் பெல்ட்ட ஏத்திவிட்டு, கழுத்த உள்ள இழுத்து, ஒரு காலத் தரையில வச்சு, நிறுத்தி, அந்த நிறுத்துததுதான் விசயம், நிறுத்தி, ஆள் மூச்சு விடுததுக்கு ஒரு இமை முன்னால அடுத்த கால வைப்பான். கொட்டிரும் சிரிப்பு. எடிசன் சுவத்துல சாஞ்சு சிரிப்பான். கனி முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிப்பா, கண்ணுல தண்ணி வரும். அப்பம் நெனைச்சுக்கிடுவான், நான் இவங்க ஆளு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நாங்க, நான் நடுவுல நின்னு அவர இவங்களுக்குச் சின்னதாக்கிக் குடுக்கேன். நடுவுல நின்னு. நடுவுலன்னா எந்தப் பக்கம் வே? வட்டம் சுத்துது. சட்டைக் காலருக்குள்ள வேர்வை ஒரு கோடா எறங்குது, முதுகுல பாதி தூரத்துல நின்னுக்கிடுச்சு, அதுவும் ஹேங் ஆன மாதிரி.

நடையில குடைகள் விரிச்சுக் கெடக்கு. குடை மெயில் போயிருந்தா யாராவது மடக்கிருப்பாங்க. யாரும் மடக்கல. ஆனா யாரும் மாடியிலயே இல்ல, எல்லாரும் கீழ குடோன் பக்கத்து ரூம்ல சாப்பிடுதாங்க, யாரு மடக்குவா? கடைசியில அந்த மாம்பழக் கலர் குடை, ஒரு கம்பி மட்டும் மேல வளைஞ்சு நிக்கும், அது கனியோடது. அது இருக்கு. அது இருக்கிற வரைக்கும் கனி கீழதான் இருக்கா. வெளிய மழை தகரத்துல அடிக்குது, இந்த மழையில குடை இல்லாம எவ போவா? கனி கீழ, குடை மேல, எல்லாம் சரி. சோத்தப் பிசைஞ்சுக்கிட்டு இருப்பா. எடது கையில போன் இருக்கும். எல்லாரும் எடது கையில போனப் பாத்துக்கிட்டுத்தான திங்கிறாங்க. டிங். போச்சு. கூப்பிட்டுச் சொல்லிரலாம். இவனும் போன எடுத்தான், கனி பேரக் கண்டுபிடிச்சான், கட்டைவிரல் அது மேல நிக்குது. என்ன சொல்லுவான்? "கனி, நிர்வாகத்துகிட்ட இருந்து மெயில் வந்தா நம்பாத, அது நான் சும்மா எழுதினது." அப்பம் அவ கேப்பா, நிர்வாகம் பேருல நீங்க எப்பிடிண்ணே எழுதுவிய? சும்மா எழுதினது இது, சும்மா எழுதாதது எதுண்ணே? அந்தக் கேள்வி வந்தா அது நேர குரூஸ் அண்ணன் வீட்டு வாசல்லதான் போயி நிக்கும். மெயில் போகாம இருந்து, இவன் முந்திக்கிட்டுக் கூப்பிட்டான்னா, தானே தன் வாயில வெசத்த ஊத்திக்கிட்ட மாதிரி. மெயில் போயிருந்து, கூப்பிடாம இருந்தா? ஸ்க்ரீன் அணைஞ்சு போச்சு. போனுக்குக்கூட இவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல.

குரூஸ் அண்ணன். வெள்ளச் சட்டை, பையில எப்பமும் சீப்பு. சார் இன்டர்காம்ல சொன்னது மூணு வார்த்தை கூட இல்ல. "குரூஸ நிப்பாட்டிருங்க." ஏன்னு சொல்லல, இவனும் கேக்கல. எழுதினான். முதல் தடவ எழுதினது கரடுமுரடா இருந்துச்சு, அழிச்சான். ரெண்டாவது தடவ, "தங்களின் உழைப்பை நிர்வாகம் மறக்கவில்லை. எனினும் இன்றுடன் தங்கள் சேவை நிறைவு பெறுகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." வாசிச்சுப் பாத்தான், என்னமோ ஒண்ணு கொறையுது. அப்பம் வந்து விழுந்துச்சு அந்த வார்த்தை, வருத்தத்துடன். தெரிவித்துக்கொள்கிறேனுக்கு முன்னால அதப் போட்டான். அடடா. சரியா உக்காந்துச்சு. சாருக்குக் காட்டுனான், சாரு தலைய ஆட்டுனாரு. அன்னைக்குச் சாயங்காலம் குரூஸ் அண்ணன் மேசையக் காலி பண்ணும்போது இவன்தான் பக்கத்துல நின்னு அட்டைப்பெட்டியப் பிடிச்சுக்கிட்டான், "இவனுக்கெல்லாம் மனசு இருக்காண்ணே"ன்னு கண்ணாடி ரூமக் காட்டி மெதுவாச் சொன்னான், குரூஸ் அண்ணன் சீப்ப எடுத்துத் தலைய வாரிக்கிட்டாரு, போயிட்டாரு. அந்த மனுசன் போன பொறவு கனி இவன் பக்கத்துல வந்து நின்னா. "அந்த மெயில யாருண்ணே எழுதுனது?"ன்னா. இவன் சிரிச்சான். "யாரு எழுதுவா, கண்ணாடிக்குள்ள இருக்க கருணை மூர்த்திதான்"ன்னு சார் மாதிரி கழுத்த உள்ள இழுத்துக் காட்டுனான். கனி சிரிச்சா. அன்னைக்குக்கூடச் சிரிச்சா. பொறவு சொன்னா, "எனக்கு அப்பிடி ஒண்ணு வந்தா நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேம்ணே. பைய எடுத்துட்டுப் போயிருவேன். கேட்டா அழுதுருவேன், அந்தாளு முன்னால அழப்பிடாது." அவ வீட்டுக்காரன் தோணியில பாய்மரத்துல இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது, கட்டில்லதான் கெடக்கான். இவ ஒருத்தி சம்பாத்தியம். ஒரு கேள்வி கேக்க மாட்டேன்னு சொன்னா. சொன்னாளா? சொன்னா.

வயர். வயரப் பிடுங்கிரலாம். இத ஏன் முதல்லயே யோசிக்கல? மெயில் போகணும்னா நெட்டு வேணும்லா. மேசைக்கு அடியில குனிஞ்சான், செருப்பு, தூசி, எவளோ போட்ட ஹேர்பின், நீல வயரு, பிடிச்சு ஒரு இழுப்பு. வந்துருச்சு. கையில வயரப் பிடிச்சுக்கிட்டு மேசைக்கு அடியிலயே மண்டி போட்டுக் கெடந்தான், பங்குச்சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்ல மண்டி போட்ட மாதிரி. கொஞ்ச நேரம் நிம்மதி. போகாம இருந்தா இனி போகாது. அவுட்பாக்ஸ்ல நிக்கும், ஸ்டேசன்ல வண்டி நிக்கிற மாதிரி, எறக்கிரலாம். ஆனா எப்பமாவது வயரத் திருப்பி மாட்டித்தான ஆகணும், மாட்டுன உடனே வண்டி கெளம்பிரும்லா? அதுக்கு முன்னால அழிக்கணும். அழிக்கணும்னா இந்த வட்டம் நிக்கணும். வட்டம் நிக்க நெட்டு வேணுமோ? நெட்டு இல்லாததாலயே இன்னும் சுத்துமோ? ஏற்கெனவே போயிருந்தா இந்த வயரு கையில எதுக்கு? கண்ணாடி ரூம்ல சரசரன்னு ஒரு சத்தம். திரைப்பட்டைய ரெண்டு விரலால விலக்கிக்கிட்டு சார் பாக்குதாரு. மேசைக்கு அடியில இருந்து பாத்தா விலகுன அந்த இடுக்கும், அதுல ஒரு கண்ணும்தான் தெரியுது. எந்திரிக்கணுமா, அப்பிடியே கெடக்கணுமா? தேடுத மாதிரி நடிச்சான். பேனாவத் தேடுத மாதிரி. ஊர்ல உள்ளவன் எல்லாரையும் நடிச்சுக் காட்டுனவனுக்கு, பேனாவத் தேடுதவன் கை எப்பிடிப் போகும்னு மறந்துபோச்சு. கை தரையத் தடவுது, எதுக்குன்னு தெரியாமத் தடவுது. திரை மூடிக்கிடுச்சு. கீழ போயி கனியப் பாத்துரலாம்னா, எந்திரிச்சு நாலு எட்டு வைக்கிற நேரத்துல ஸ்க்ரீன் தெளிஞ்சு, சார் வெளிய வந்து, தொறந்து கெடக்கிற அத வாசிச்சிட்டாருன்னா? தன் பேருல ஊழியர வச்சு விளையாடுறத? நாற்காலிய விட்டும் போக முடியல. நாற்காலியில இருக்கவும் முடியல.

சரி, போயிருந்தாத்தான் என்ன, வாசிச்சா சிரிப்பாள்லா. அது தமாசு. தமாசுன்னு கடைசி வரியில தெரிஞ்சுரும். தங்கள் சிரிப்புச் சத்தத்தைச் சங்கொலி என்று எண்ணித் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் கரையேறிவிட்டன. அந்த வரிய வாசிச்சா கல்லும் சிரிக்கும். கனி சோத்தோட சிரிச்சுப் புரையேறி மேல ஓடி வருவா, "ஏண்ணே, உயிர எடுத்துட்டியளே"ன்னுவா. நெஞ்சு லேசாச்சு. தண்ணி பாட்டிலத் தொறந்து ஒரு வாய் குடிச்சான். முழுங்கும்போதுதான், பாதித் தொண்டையில, கப்பல் கரையேறின அந்த வரி அவன் கண்ணுக்குள்ள வந்துச்சு, மனசுக்குள்ள வந்துச்சு, காதுல கேட்டுச்சு, ஆனா ஸ்க்ரீன்ல வரல. ஸ்க்ரீன்ல அத எழுதுன ஞாபகம் இல்ல. எப்பமும் அப்பிடித்தான பண்ணுவான். முதல்ல அச்சு அசலா நிசம் மாதிரி எழுதணும், ஒரு எழுத்துல கூடச் சிரிப்பு எட்டிப் பாக்கப்பிடாது, ஆளு மூச்சப் பிடிச்சுக்கிடணும், அப்பிடியே நிறுத்தணும், நிறுத்தி, கடைசியா ஒரு வரி. கால் ஒண்ணத் தரையில வச்சுட்டு நிறுத்துத மாதிரி. அந்த நிறுத்துல இருக்கும்போதுதான் கப்பல் கம்பெனிக்காரன் மெயில் வந்துச்சு. அதுக்குப் பொறவுதான் இன்டர்காம். கடைசி வரி எழுதல. எழுதலையா? எழுதியிருப்பான். மனசுல அவ்வளவு தெளிவா இருக்கே. மனசுல இருக்கு.

வட்டம் நின்னுச்சு. சத்தமே இல்லாம நின்னுச்சு, வெளுப்பு வடிஞ்சு கலரு வந்துச்சு, எல்லாம் முன்ன மாதிரி, எவனும் ஒண்ணும் பண்ணாத மாதிரி. பெர்க்மான்ஸ் மூச்சு விடல. முன்னால ஒரு விண்டோ, கன்டெய்னர் நம்பர், கப்பல் கம்பெனி. அத நகத்துனான். பின்னால இன்னொண்ணு. ஆண்டவரே, மூணாவதா இருக்கட்டும், மூணாவதா இருக்கட்டும், அத இப்பமே அழிச்சிருதேன், டேமேஜ் கிளெய்ம் மொத்தத்தையும் அழிச்சிருதேன், மாதா கெபியில மெழுகுவத்தி வைக்கேன். "நடைபாதையில் ஈரக் குடைகளை." அதுக்குப் பின்னால ஒண்ணும் இல்ல, நீலத் திரையும், அதுல கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் போட்ட ஏதோ ஒரு மலையும். அவுட்பாக்ஸ். காலி. மேல மரத்துல சென்ட், அங்க இல்ல, ஒரு நொடி சந்தோசப்பட்டான், பொறவுதான் உறைச்சுது, அது இந்த மரத்துல இருக்காதுல்லா. கீழ மரம் மடங்கிக் கெடக்கு. அம்புக்குறிய அமுக்குனான், விரிஞ்சுது, சென்ட். முதல் வரியில பேரு. திருமதி சண்முகக்கனி. தொறந்தான். நிர்வாகம் எழுதுனத ஊழியர் வாசிக்கிற மாதிரி, முதல் தடவையா, வாசிச்சான். "தங்களின் உழைப்பை நிர்வாகம் மறக்கவில்லை. எனினும் இன்றுடன் தங்கள் சேவை நிறைவு பெறுகிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். காரணம்:" அதுக்கு அடுத்து வெள்ளை. கீழ வரைக்கும் வெள்ளை. வருத்தத்துடன். அந்த வார்த்தையப் பாத்துக்கிட்டே இருந்தான். அது எவ்வளவு நல்லா உக்காந்திருக்கு.

போன எடுத்தான். இந்தத் தடவ யோசிக்கல, அமுக்குனான். என்ன வேணும்னாலும் கேக்கட்டும், குரூஸ் அண்ணனப் பத்திக் கேக்கட்டும், காறித் துப்பட்டும், சொல்லிருவோம். மணி அடிக்குது. எடுக்கல. நடையப் பாத்தான், மாம்பழக் கலர் குடை இருக்கு, வளைஞ்ச கம்பி இருக்கு, ஒண்ணும் கெட்டுப் போகல, கை கழுவிக்கிட்டு இருப்பா, மழைச் சத்தத்துல கேக்காது, குடை இருக்கு. திருப்பி அடிச்சான். படியில தடதடன்னு சத்தம். வந்துட்டா. சிரிச்சுக்கிட்டே வருவா. பெர்க்மான்ஸ் எந்திரிச்சு நின்னான், மூஞ்சியில என்ன மூஞ்சிய வைக்கணும்னு தெரியாம நின்னான்.

வந்தது எடிசன். ஹெல்மெட்டுல இருந்து தண்ணி சொட்டுது, காகிதக் கவர நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கான்.

"என்னண்ணே, இப்பிடிப் பண்ணிப்புட்டிய?"

"என்னதுடே?"

"கனி மழையில நனைஞ்சுக்கிட்டுப் போறா. குடையக்கூட எடுக்கல. வாசல் கேட்டுகிட்ட மறிச்சுக் கேட்டேன், போன நீட்டிக் காட்டுனா. காரணம்னு போட்டு ரெண்டு புள்ளி. அங்கிட்டு ஒண்ணுமே இல்லியேண்ணே. ஒரு காரணம் எழுதக்கூடவா மனசு வரல?"

"லேய், அது சார்..."

"நானும் அதான் சொன்னேன். மேல போயி சாருகிட்ட ஒரு வார்த்த கேளுட்டின்னேன். அதுக்கு அவ, சார் எழுதியிருந்தாக் கேட்டுருப்பேன், இது பெர்க்மான்ஸ் அண்ணன்லா எழுதியிருக்காவ, மொகத்தப் பாக்க முடியாமத்தான் நான் கீழ வந்த நேரமாப் பாத்து அனுப்பியிருக்காவன்னுட்டுப் போயிட்டா."

பெர்க்மான்ஸ் கையில போன் இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கு. "நான் எழுதுதேன்னு அவகிட்ட எவன் சொன்னான்?"

"எவன் சொல்லணும்? சாருக்கு வருத்தத்துடன்னு ஒரு வார்த்த இருக்குன்னு தெரியுமாண்ணே? குரூஸ் அண்ணன் போன அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும்லா."

"தெரிஞ்சேவா... தெரிஞ்சேவாடே, நான் சார் மாதிரிப் பண்ணும்போது அந்தச் சிரிப்புச் சிரிச்சிய?"

எடிசன் ஹெல்மெட்டக் கழட்டினான். ஒளிச்சுப் பேச அவனுக்குத் தெரியாது.

"பின்ன சிரிக்காம? சிரிக்காதவனுக்கு அடுத்த மெயில் வந்துரும்லாண்ணே. கனிதான் எங்க எல்லாருகிட்டயும் சொன்னா, நல்லாச் சத்தமாச் சிரிங்கன்னு."